டிம்பிள்பி நாகப்பன்

தானா ராத்தா தேயிலைத் தோட்டம்
17.1.1978

அன்பு மகள் பவளத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பொங்கலன்று உன் அப்பன் மானம் கப்பலேறிய கதையை நீ அடுத்தவர் வாயால் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

வருஷா வருஷம் கோவில் மைக்கைப் பிடிக்கிறவன் நான்தானே. இந்த வருஷமும் வேட்டியை இறுக்கிக்கொண்டு போய் நின்றேன். “பெரியோர்களே, தாய்மார்களே” என்று ஆரம்பித்தேன். பெரியோர்கள் வந்தார்கள், தாய்மார்கள் வரவில்லை. லோரி டயரில் ஆணி ஏறியதுபோல் தொண்டையிலிருந்து புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. மைக் வேறு புதுசு. அந்தப் புஸ் ஆறு லயத்து வீடுகளுக்கும் தெளிவாகக் கேட்டது. பக்கத்து வீட்டு மாடசாமி சும்மா இருப்பானா?

“அண்ணே, லண்டன் ஸ்டேஷன் கிடைக்கலையா? கொஞ்சம் திருகிப் பாருங்கலா!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் மைக்கைத் தட்டி, அதில்தான் பழுது என்பதுபோல் முகத்தைச் சுளித்தேன். மைக்செட்டுக்காரர் கம்போங் ராஜா ஊர்க்காரர், ரோஷக்காரர். “என் மைக்குல ஒரு கோளாறும் இல்லீங்க, நீங்க உங்களைத் தட்டிப் பாருங்க” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதன்பிறகு சர்க்கரைப் பொங்கல்கூட இனிக்கவில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை. தீபாவளியிலிருந்து தொண்டை கொஞ்சம் கம்மியிருக்கிறது, மலைக்குளிர்தான். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் வேலையைக்கூட இப்போது மாடசாமிதான் செய்கிறான். கோழி விரட்டுகிறமாதிரி கூப்பிடுகிறான். ஆனால் ஆள் வந்துவிடுகிறது.

நீ போன கடிதத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மிஸ் டிம்பிள்பி என்று கூப்பிடுகிறார்களாம். அது அங்கே ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பேசுகிற பெரிய குடும்பத்தின் பேராம். நோயாளிகள் எல்லாம் உறவா என்று கேட்கிறார்களாம். நீ சிரிப்பாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டார் யாராவது வந்து, எங்கள் பேரை எடுக்க நீ யாரம்மா என்று கேட்டால் என்ன சொல்வாய்? சர்ட்டிபிகேட்டைப் பிடுங்கிக்கொண்டால்? ஜூன் மாதம் மிட்வைஃப் பரீட்சை வேறு. எதற்கும் வாயைத் திறக்காதே. படிப்பை முடி.

அம்மா உனக்கு முறுக்கு சுட்டு அனுப்பவேண்டுமென்று நிற்கிறாள். போய்ச் சேரும்போது மாவாகத்தான் சேரும் என்றேன். திட்டு வாங்கினேன்.

உன் அன்பு அப்பா
நாகப்பன்

*

லண்டன்
2.2.1978

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பொங்கல் கதையைப் படித்து என் அறைத்தோழி எழுந்து வந்து என்னவென்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். மறுபடி படிக்கும்போதுதான் நடுவில் செருகியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. தீபாவளியிலிருந்தா அப்பா? மூன்று மாதமாயிற்றே! இங்கே மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் நோயாளியைப் பெரிய டாக்டரிடம் அனுப்பிவிடுவோம். உடனே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரைப் பாருங்கள். தோட்டத்தில் மருந்து கலக்கிக் கொடுக்கிற டிரெஸ்ஸரை அல்ல. ரொக்கோ பிடிப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள், ஒரு சிகரெட்டும் வேண்டாம்.

பேரைப் பற்றிப் பயப்படாதீர்கள். போன வாரம் ஒரு தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வீட்டார் ராணிக்கு முடிசூட்டினப்போ எவ்வளவு அழகா வர்ணிச்சாங்க” என்றார். நான் நன்றி என்றேன். வேறென்ன சொல்வது? மேட்ரன் மட்டும் விடவில்லை. “நிஜமாகவே உறவா?” என்று கேட்டார். “இல்லை, ஆனால் என் அப்பாவும் அதே தொழில்தான்” என்றேன். பெரட்டில் பேர் கூப்பிடுவதும் கோவில் மைக்கும் அதே தொழில்தானே!

சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் “துரை குடுத்த பட்டம்” என்று சொல்லித் தட்டிக்கழித்தீர்கள். இப்போது வார்டு முழுக்கக் கேட்கிறது. உண்மையை எழுதுங்கள். டாக்டர் சொன்னதையும் எழுதுங்கள். இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

உங்கள் மகள்
பவளம்

*

தானா ராத்தா
21.2.1978

அன்பு மகள் பவளத்துக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா அதை அரிசி டின்னில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். மேட்ரனிடம் அதே தொழில் என்று சொன்னாயா? நெஞ்சழுத்தக்காரி!

சரி, உண்மையைச் சொல்கிறேன். வார்டில் சொல்லாதே.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் லண்டனில் ராஜா காலமானார். இங்கே காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை, அவசரகாலம். பொழுது சாய்ந்தால் லயத்தை விட்டு நகரக்கூடாது. அன்று மட்டும் பெரிய துரை எல்லாரையும் பெரட்டுக் களத்துக்கு வரச்சொல்லி, பங்களா ரேடியோவை ஆபீஸ் வராந்தாவில் மேஜைமேல் வைத்தார். ராஜாவைப் பெட்டியில் வைத்திருக்கிற மண்டபத்தில் நின்று ஒருவர் பேசுவார், அதை ஆபீஸ் கணக்கெழுதுகிற செல்லையா கிராணி தமிழில் சொல்வார் என்று ஏற்பாடு. கிராணிக்கோ அன்றைக்குப் பார்த்துப் பல்வலி. தாடை பலாச்சுளை மாதிரி வீங்கி, துண்டால் கட்டியிருந்தார். “நாகப்பா, நீ அஞ்சாவது படிச்சவன்தானே? ஏறுடா” என்று தள்ளிவிட்டார்.

நான் அஞ்சாவது படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் “யெஸ் சார்”, “லோரி கமிங் சார்”. துரை பார்க்கிறார், முன்னூறு சனம் பார்க்கிறது. ரேடியோவில் அந்த மனிதர் தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். ஒரு சொல் புரியவில்லை. துக்க வீட்டில் பேசுகிற குரல் என்பது மட்டும் புரிந்தது. துக்க வீடு எனக்குத் தெரியாதா?

ஆரம்பித்துவிட்டேன். “ராஜாவைக் குளிப்பாட்டிப் பட்டு உடுத்திக் கிடத்தியிருக்காங்க. தலைமாட்டுல விளக்கு எரியுது. மூத்த மக ஆப்பிரிக்காவுலேருந்து ஓடியாந்துட்டா. ‘எங்கப்பா முகத்தைக் காட்டுங்க’ன்னு கதறுறா. பங்காளிங்க வந்தாச்சு. சம்பந்தி வீட்டுக் கோடி வந்தாச்சு. வாய்க்கரிசி போட வரிசையா நிக்கிறாங்க.” அவர் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன். அவர் பெருமூச்சு விட்டால் நானும் விட்டேன். உன் பாட்டி வயதுப் பெண்கள் மாரடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டார்கள். தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஒரே ஆளான கிராணி தாடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சனம் அவரும் அழுகிறார் என்று நினைத்தது.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. கிராணியிடம் “சரியாகச் சொன்னானா?” என்று கேட்டார். “வெரி கரெக்ட் சார்” என்றார் அந்தப் புண்ணியவான். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நம்ம டிம்பிள்பி!” என்றார். ரேடியோவில் பேசியவர் பேர் அதுதான் என்று அப்புறம் தெரிந்தது.

அப்போது செக்ரோல் பேரேட்டில் நாலு நாகப்பன். மூக்கு நாகப்பன், மேட்டுலயத்து நாகப்பன், கொல்லன் நாகப்பன், நான். என் பேருக்குப் பக்கத்தில் கிராணி டிம்பிள்பி என்று எழுதினார். நீ பிறந்ததைப் பதிய அந்தப் பேரேட்டைப் பார்த்துத்தான் தகப்பன் பேரை எழுதினார்கள். அது பாஸ்போர்ட்டில் ஏறி, கப்பலேறாமல் பிளேனேறி உன்னோடு லண்டன் வந்துவிட்டது. கேட்டாயா? ஒரு பொய்யனின் மகள் நீ.

தொண்டையா? டிரெஸ்ஸர் பார்த்தார். பனிச்சளி என்றார். கொப்புளிக்க மருந்து கொடுத்தார். தேவலை. நீ பரீட்சைக்குப் படி.

உன் அப்பா
நாகப்பன்

*

லண்டன்
12.3.1978

அன்புள்ள அப்பாவுக்கு,

ராஜாவுக்கு வாய்க்கரிசி போட்டவர் நீங்கள் ஒருவர்தான். சிரித்தேன், சத்தியமாகச் சிரித்தேன். ஆனால் டிரெஸ்ஸரைப் பார்க்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் அவரைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

இப்போது மகளாக எழுதவில்லை, நர்ஸாக எழுதுகிறேன். சாப்பாடு இறங்கும்போது வலிக்கிறதா? ஒரு பக்கத்துக் காது குத்துகிறதா? கழுத்தில் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா? எச்சிலில் ரத்தம் வந்ததா? போன வருஷத்துச் சட்டை இப்போது தொளதொளக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள். கதை வேண்டாம்.

நம் பேர்க்காரரைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன். அவர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டார், புற்றுநோயில். ஐந்து வருஷம் வெளியே சொல்லாமல் வேலை பார்த்தாராம். அந்த நோயின் பேரைச் சொல்லவே இங்கேயும் அப்போது கூசுவார்களாம். கடைசியில், எனக்கு இன்ன நோய் என்று நாடு முழுவதும் தெரியும்படி சொல்லவைத்தார். ஜனங்கள் அத்தனை பேர் கடிதம் எழுதினார்கள். அவர் பேரில் நிதி திரட்டி அந்த நோயை ஆராய்கிறார்கள். வயதான ஒரு சிஸ்டர் என்னிடம் சொன்னார்: “அவர் சொன்ன பிறகுதான் நோயாளிகள் எங்களிடம் வாயைத் திறந்தார்கள்.”

அப்பா, நீங்களும் சொல்லலாம்.

ஏப்ரல் 9 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, உங்கள் நேரப்படி, தோட்டத்து ஆபீசுக்குப் போன் செய்வேன். செல்லையா மாமாவிடம் சொல்லிவையுங்கள். உங்கள் குரலை நான் கேட்கவேண்டும்.

பவளம்

*

தானா ராத்தா
11.4.1978

அன்பு மகள் பவளத்துக்கு,

உன் போன் வந்த நேரம் பார்த்து நான் இல்லாமல் போனது பெரிய வருத்தம். லோரிக்கார விஜயன் கம்போங் ராஜாவுக்குக் கோஸ் ஏற்றப்போனான். துணைக்கு வா என்றான், போனேன். திரும்பும்போது கியா பார்ம் ஏற்றத்தில் லோரி படுத்துவிட்டது. லோரியைத் திட்டுவதா, விஜயனைத் திட்டுவதா?

அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாளாம். போனில் முகம் தெரியாது என்று செல்லையா கிராணி சொல்லியும் கேட்கவில்லை. அவள் கத்திய கத்தலுக்கு லண்டனுக்குப் போனே தேவையில்லை என்கிறார்கள். “சாப்டியாடி? குளிருக்குப் போத்திக்கிறியா?” இதையே திருப்பித் திருப்பிக் கேட்டாளாம். நீ “அப்பா எங்கேம்மா” என்று மூன்று தடவை கேட்டாயாம். கடைசித் தடவை கேட்கும்போது உன் குரல் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது கேட்கிறமாதிரி இருந்ததாம். உனக்கும் சளியா? பார்த்துக்கொள்.

நீ கேட்ட கேள்விகள்: இல்லை, இல்லை, இல்லை, இல்லை. சட்டை தொளதொளக்கிறது, அது அம்மா துவைக்கிற துவைப்பு.

அந்த மனிதர் நாட்டுக்கே சொன்னதைப் படித்தேன். பெரிய மனசு. ஆனால் ஒன்று யோசித்துப் பார். அவர் நாட்டுக்கு ஜூன் மாதம் பரீட்சை இல்லை.

படி தாயி. வேறொன்றும் யோசிக்காதே.

உன் அப்பா
நாகப்பன்

*

லண்டன்
20.4.1978

அப்பாவுக்கு,

கம்போங் ராஜாவில் கோஸ் என்ன விலை?

நீங்கள் போகவே இல்லை. நான் மூன்று தடவை கேட்டதை அம்மா எண்ணிச் சொன்னாளா? புடவை கட்டிக்கொண்டு போனிடம் பேசுகிறவள் என் குரல் எப்படி இருந்தது என்று கவனித்தாளா? அம்மாவின் தோளோடு தோளாக நின்று நீங்கள்தான் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அம்மா கத்துவதை நிறுத்திய நேரத்தில் இன்னொருவர் மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. அப்பா, அந்த மாதிரி மூச்சைத் தினமும் கேட்கிறேன். அது என் வேலை. என் வீட்டிலிருந்து கேட்பேன் என்று நினைக்கவில்லை.

அன்று முழுவதும் நான் வேலை செய்யவில்லை. ஒரு நோயாளிக்கு இரண்டு தடவை வெந்நீர் கொண்டுபோனேன்.

உங்கள் நாலு “இல்லை”யில் எத்தனை “ஆமாம்” என்று எனக்குத் தெரியாது. பரீட்சை எனக்குப் பெரிதில்லை. நீங்கள்தான் அதைப் பெரிதாக்கி என் கையில் கொடுத்து என்னைத் தூரமாக நிறுத்தியிருக்கிறீர்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மே மாதம் பதினைந்தாம் தேதிக்குள் டாக்டரைப் பார்த்தேன் என்று எனக்குத் தகவல் வரவேண்டும். வராவிட்டால் பரீட்சை எழுதாமல் பிளேன் ஏறிவிடுவேன். பயமுறுத்தவில்லை. விடுப்புக் கடிதம் எழுதிவைத்துவிட்டேன்.

பவளம்

*

ஈப்போ
9.5.1978

அன்பு மகள் பவளத்துக்கு,

நேற்றுப் போனில் பேசிவிட்டேன், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இது உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை தாண்டியிருக்கும். ஆபரேஷனும் முடிந்திருக்கும்.

மூன்று “ஆமாம்” பவளம். ரத்தம் மட்டும் இல்லை. மார்கழியிலிருந்தே சோறு இறங்கும்போது வலி. வலது காது குத்தல். பொங்கலுக்கு முன்பே கழுத்தில் ஒன்று தட்டுப்பட்டது, புளியங்கொட்டை அளவு. அம்மாவுக்குத் தெரியும். வாயைத் திறக்கக்கூடாது என்று உன் தலையில் சத்தியம் வாங்கியிருந்தேன். அவளைக் கோபிக்காதே. போன் வந்த அன்றும் நான் சொல்லிக்கொடுத்த பொய்யைத்தான் சொன்னாள். அவளுக்குப் பொய் வராது, அதனால்தான் அவ்வளவு கத்தினாள். நீ மூன்றாம் தடவை கேட்டபோது அவள் ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். நான் பின்னால் போய்விட்டேன்.

நீ விடுப்புக் கடிதம் எழுதினேன் என்றதைப் படித்தவுடன் அன்றைக்கே கிளம்பிவிட்டோம். டாக்டர் சின்ன வயதுச் சீனப் பெண். கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நீயும் வார்டில் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வாய். சதை எடுத்துச் சோதித்தார்கள். பிறகு மலாய் நர்ஸையும், தமிழ் தெரிந்த பழனியப்பன் என்ற அட்டெண்டரையும் வைத்துக்கொண்டு விளக்கினார். பழனியப்பன் நல்ல ஆள். என்னைப்போல இல்லை, சொன்னதை மட்டும் சொன்னார். குரல்பெட்டியை எடுத்தாகவேண்டும். கழுத்தில் ஓட்டை வைத்து அதன் வழியாக மூச்சு. எடுத்தால் உயிர் நிற்க நல்ல வாய்ப்பு. நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் மின்சாரக் கதிர் காட்டிப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்த நாலு மாதத்தை உன்மேல் போட்டுக்கொள்ளாதே. அது என் கெட்டிக்காரத்தனம்.

“வியாழக்கிழமை வரைக்கும் வீட்டாரோடு பேசிக்கொள்ளுங்கள்” என்றார் டாக்டர். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, “இருவத்தாறு வருஷம் நீங்க பேசுனது போதும். இனிமே நான் பேசுறேன், நீங்க கேளுங்க” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாடசாமி நேற்று பஸ் ஏறி வந்திருந்தான். கேலி பண்ணுவான் என்று பார்த்தேன். செக்ரோலைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, “ஒரு தடவ கூப்புடுங்கண்ணே, எப்படின்னு பாத்துக்கிறேன்” என்றான். கட்டிலில் உட்கார்ந்தபடி எண்பது பேரையும் கூப்பிட்டேன். புஸ் புஸ்ஸென்றுதான் வந்தது. ஒவ்வொரு பேருக்கும் அவனே “இருக்கேன்” என்று சொன்னான். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரர் நாங்கள் பூஜை செய்கிறோம் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகுதான் அவன் என்னை டெலிபோன் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். மூன்று நிமிடம் என்றார்கள். என்ன பேசவேண்டும் என்று சிகரெட் அட்டையில் எழுதிவைத்திருந்தேன். அட்டை மட்டும்தான், உள்ளே ஒன்றுமில்லை, சத்தியம். நீ “அப்பா” என்றதும் அட்டை எங்கே போனதென்று தெரியவில்லை. டாக்டர் தங்கமான பெண் என்றேன். சாப்பாட்டில் மீன் போடுகிறார்கள் என்றேன். தேயிலைக்கு இந்த மாதம் நல்ல மழை என்றேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ அழுதுகொண்டே “நான் வரவாப்பா?” என்று கேட்டாய். “வேண்டாம், வரவே வேண்டாம், பரீட்சையை முடிச்சிட்டு ஜூலையில வந்தாப் போதும்” என்று அதட்டினேன். என் அதட்டல் உனக்குக் காதில் விழுந்ததோ இல்லையோ. “பயமா இருக்காப்பா?” என்றாய். “சேச்சே, டிம்பிள்பிக்கு என்னலா பயம்” என்றேன். பக்கத்தில் மாடசாமி சிரித்தான். அதற்குள் மூன்று நிமிடம் முடிந்தது.

வார்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேரம் முடிந்ததால் சொல்லவில்லை என்று எழுதலாம். ஆனால் நேரம் இருந்தது. மீனுக்கும் மழைக்கும் இருந்ததே.

உன் அப்பா
நாகப்பன்

பயமாக இருக்கிறது பவளம். நீ வா.